அடைமொழியைக் கேட்கும் காதுகள்

1980களின் இறுதியில் அமெரிக்காவில் இரண்டு மெட்டல் இசைக்குழுக்கள் ஏறத்தாழ ஒரே வேளையில் இசைத்தொகுப்புகளை வெளியிடத் தொடங்கின. ஒன்று புளோரிடாவைச் சேர்ந்தது. அதன் பெயர் ஏதியிஸ்ட், அதாவது நாத்திகர். மற்றொன்று பென்சில்வேனியா மாநிலத்தின் கோல்புரூக் என்னும் சிற்றூரில் 1986-இல் உருவானது. அதன் பெயர் பிலீவர், அதாவது விசுவாசி. இரண்டுமே த்ராஷ் மெட்டலின் வேகத்தில் தொடங்கி, சிக்கலான தாளங்களையும் எதிர்பாராத திருப்பங்களையும் நோக்கி நகர்ந்தவை. புரோகிரசிவ் மெட்டல் என்று இன்று அழைக்கப்படும் வகை உருப்பெற்றுக் கொண்டிருந்த ஆண்டுகளில், அந்த உருவாக்கத்தில் பங்கு கொண்டவை.

இன்று ஏதியிஸ்ட் குழுவின் 1991-ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘அன்கொஸ்சனபிள் பிரெசென்ஸ்’ எந்த அலமாரியில் இருக்கிறது? புரோகிரசிவ் மெட்டல், நுட்ப டெத் மெட்டல் என்ற அலமாரிகளில். ‘நாத்திக மெட்டல்’ என்று ஓர் அலமாரியை எவரும் செய்து வைக்கவில்லை. அந்தக் குழு தன் பெயரிலேயே தன் நிலைப்பாட்டை எழுதி வைத்திருந்தபோதும், அதன் இசையைக் கேட்டே அதற்கு இடம் ஒதுக்கினார்கள். பிலீவர் குழுவுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. ‘கிறித்தவ மெட்டல்’ என்ற பலகையின்கீழ் அது வைக்கப்பட்டது; அந்தப் பலகையைப் பார்த்ததும் பாதிப்பேர் நகர்ந்து போனார்கள்; மீதிப்பேர் அந்தப் பலகைக்காகவே வாங்கினார்கள். இரு சாராரும் செய்தது ஒரே தவறு. இசையைக் கேட்கும் முன்பே தீர்ப்பை எழுதிவிட்டார்கள்.

‘கிறித்தவ’ என்பது ஓர் இசைவகையின் பெயரன்று. அதில் தாளம் இல்லை, சுருதி இல்லை, வடிவம் இல்லை. அது ஒரு விற்பனைச் சொல். விற்பனையாளர்களிடமிருந்து விமர்சகர்கள் அதைக் கடன் வாங்கி, இசையின் இலக்கணம்போலக் கையாண்டு வருகிறார்கள். இந்தக் கடனுக்கான வட்டியைக் கட்டியவை பிலீவர் போன்ற குழுக்கள். 1989 முதல் 2011 வரை அந்தக் குழு வெளியிட்ட ஐந்து முழுநீளத் தொகுப்புகளையும் வரிசையாகக் கேட்கும் எவருக்கும் இது விளங்கும்.

முதலில் தேவாலயத்தின் பக்கம் நின்று பேசியவர்களை எடுத்துக்கொள்ளலாம். தொலைக்காட்சிப் போதகர் ஜிம்மி ஸ்வாகர்ட் 1987-இல் மதம் சார்ந்த ராக் இசையை ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் என்று தலைப்பிலேயே சாடி ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய தரப்பின் வாதம் நேரானது: மின்கிட்டாரின் இரைச்சலே சாத்தானுடையது, அதில் எந்தச் சொல்லை ஏற்றிப் பாடினாலும் கறை போகாது. இந்த வாதம் எவ்வளவு குறுகியதாக இருந்தாலும், அதில் ஒரு நேர்மை இருந்தது. இசையின் ஓசைக்கே பொருள் உண்டு என்று அது ஒப்புக்கொண்டது. சொல் வேறு, ஒலி வேறு என்று பிரித்து, ஒலியை வெறும் பாத்திரமாக்கவில்லை.

அந்தப் பிரிப்பைச் செய்தவர்கள் ஸ்வாகர்ட்டை எதிர்த்த வணிகர்கள். இசை ஒரு பாத்திரம், அதில் எதை ஊற்றுகிறோம் என்பதே முக்கியம் என்றார்கள். கிறித்தவப் புத்தகக் கடைகளிலும் இளைஞர் இதழ்களிலும் ஒப்பீட்டுப் பட்டியல்கள் தோன்றின. இடப்பக்கம் உலகியல் குழுவின் பெயர். வலப்பக்கம் அதற்கு மாற்றாக வாங்கத்தக்க கிறித்தவக் குழுவின் பெயர். உங்கள் மகனுக்கு அந்தக் குழு பிடிக்கிறதா, கவலை வேண்டாம், இதை வாங்கிக் கொடுங்கள் என்பது அதன் சாரம். சர்க்கரை நோயாளிக்கு இனிப்பு மாத்திரை தருவதைப் போன்ற ஏற்பாடு இது. ஸ்வாகர்ட் மெட்டலைப் பகைவனாகவாவது மதித்தார்; பட்டியல் போட்டவர்களோ அதைப் பிரதி எடுக்கத்தக்க பண்டமாக்கினார்கள். ஒரு குழுவின் தகுதி, அது இன்னொரு குழுவை எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதால் அளக்கப்பட்டது. இந்தச் சந்தையில் புதுமை ஒரு குறைபாடு. எதைப் போலவும் இல்லாத இசைக்கு வலப்பக்க நிரலில் இடம் கிடையாது.

ஸ்டிரைப்பர் குழு மஞ்சளும் கறுப்புமான உடையில் மேடையேறி, கூட்டத்தை நோக்கிப் புதிய ஏற்பாட்டுப் பிரதிகளை வீசியபோது, அது 1980களின் பகட்டான மெட்டல் காட்சிக்குள் முழுமையாகப் பொருந்தியிருந்தது. 1986-இல் வந்த அதன் ‘டு ஹெல் வித் த டெவில்’ பெருவெற்றி பெற்றது. அந்தக் குழுவின் திறமையைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆயினும் அந்த வெற்றியே பின்வந்தோர் எல்லோருக்கும் ஓர் அளவுகோலாகிப் போனது. கிறித்தவ மெட்டல் என்றால் உடையும் முழக்கமும் வீசப்படும் புத்தகமும் என்ற படிமம் நிலைபெற்றது. கோல்புரூக்கின் இளைஞர்கள் எதையும் வீசவில்லை. அவர்கள் கைகளில் கிட்டார் மட்டுமே இருந்தது.

இனி மறுதரப்பு. மெட்டல் இசையின் காவலர்களாகத் தம்மை நியமித்துக்கொண்டவர்கள், ‘கிறித்தவ மெட்டல்’ என்பதே முரண்தொடர் என்கிறார்கள். மெட்டலின் சாரம் மத எதிர்ப்பு. ஆகவே விசுவாசியின் கையில் அது போலியாகிவிடும் என்பது அவர்கள் வாதம். வரலாறு இதற்கு ஒத்துழைப்பதில்லை. மெட்டலின் மூலவர் என்று அவர்களே வணங்கும் பிளாக் சாபத் குழுவின் 1971-ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில் ‘ஆஃப்டர் ஃபாரெவர்’ என்றொரு பாடல் இருக்கிறது. கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த கீசர் பட்லர் எழுதிய அது, கடவுளை நம்புவதன் பக்கம் நின்று, நம்பாதவரை நோக்கிக் கேள்வி கேட்கும் பாடல். ஆக, இந்த மரபு தன் தொட்டிலிலேயே விசுவாசத்தோடு பேச்சுவார்த்தை நடத்தியிருக்கிறது.

அத்துடன் முடியவில்லை. ஸ்லேயர் குழுவின் பாடகர் டாம் அராயா தம்மைக் கத்தோலிக்கர் என்று வெளிப்படையாகச் சொல்லி வந்தவர். மெகாடெத் குழுவின் டேவ் மஸ்டேன் 2000களின் தொடக்கத்தில் கிறித்தவ விசுவாசத்துக்கு வந்தவர். அவர்களின் இசைத்தட்டுகளை யாரும் வேறு அலமாரிக்கு மாற்றவில்லை. ராக் இசையிலோ, யூ2 குழுவின் உறுப்பினருள் பெரும்பாலோர் விசுவாசிகள். அவர்களின் தொடக்ககாலத் தொகுப்புகளில் அந்த விசுவாசம் ஒளிவுமறைவின்றி ஒலிக்கிறது. அவர்களும் ராக் அலமாரியில்தான் இருக்கிறார்கள். பிலீவர் தன் இரண்டாம் தொகுப்பில் யூ2-வின் ‘லைக் எ சாங்’ பாடலைத் தன் பாணியில் வாசித்தது. மூலம் ராக் அலமாரியில். மறுவாசிப்பு கிறித்தவ அலமாரியில்! இந்த வகைப்பாட்டுக்கு எந்த இசையியல் நியாயத்தைக் கற்பிப்பது?

இந்திய வாசகர் கூர்ந்து நோக்கவேண்டிய சான்று ஒன்று உண்டு. புளோரிடாவின் சினிக் குழு 1993-இல் ‘ஃபோகஸ்’ தொகுப்பை வெளியிட்டது. ஜாஸ் ஃபியூஷனும் டெத் மெட்டலும் கலந்த அந்தத் தொகுப்பு, புரோகிரசிவ் மெட்டலின் மைல்கற்களுள் ஒன்றாக இன்று கொண்டாடப்படுகிறது. கொண்டாட்டத்துக்கு அது முற்றிலும் தகுதியானதே. அதன் பாடல்களில் கீழைநாட்டு ஆன்மிகத்தின், யோக மரபின் ஈர்ப்பு வெளிப்படையாகத் தெரிகிறது. அதற்காக யாரேனும் சினிக்கை ‘இந்து மெட்டல்’ என்று ஒதுக்கினார்களா? இல்லை. அந்த ஆன்மிகம் ‘ஆழம்’ என்று பாராட்டப்பட்டது. அதே 1993-இல் பிலீவர் வெளியிட்ட ‘டைமென்ஷன்ஸ்’ தொகுப்பின் ஆன்மிகமோ ‘பிரசாரம்’ ஆயிற்று. தூரத்து மதம் அழகு, பக்கத்து மதம் தொல்லை என்ற இந்த அளவுகோலைச் சுதந்திர சிந்தனை என்று அழைப்பது பொருந்தாது. அயல்நாட்டுப் பொருளின்மேல் கொண்ட மோகம் அது, அதற்குமேல் ஒன்றுமில்லை.

காவலர்களின் வேலை எவ்வளவு தூரம் போனது என்பதற்கு 1994 சாட்சி. ஆஸ்திரேலியரான ஜேசன் ஷெர்லாக் ஒருவராகவே உருவாக்கிய ஹோர்ட் என்ற திட்டத்தின் ‘ஹெல்லிக் உஸ்வார்ட்’ தொகுப்பை நியூக்ளியர் பிளாஸ்ட் நிறுவனம் வெளியிட்டபோது, அதன் பொருள் கிறித்தவம் என்று தெரிந்ததும் நிறுவனத்துக்கு எதிர்ப்புகளும் மிரட்டல்களும் குவிந்தன. எந்த அதிகாரத்துக்கும் பணியாதது மெட்டல் என்று முழங்கியவர்கள், எதை வாசிக்கலாம் எதை வாசிக்கலாகாது என்று ஆணையிட்டார்கள். ஸ்வாகர்ட்டின் பிரசங்க மேடைக்கும் இந்த மேடைக்கும் இடையில் ஓர் அடி தூரம்கூட இல்லை.

இரு தரப்பின் கூச்சலையும் ஒதுக்கிவிட்டு இசைக்கு வருவோம். பிலீவரின் மையத்தில் இருவர்: கிட்டார் வாசித்துப் பாடும் கர்ட் பாக்மன், டிரம்ஸ் வாசிக்கும் ஜோயி டாப். 1989-இல் வந்த முதல் தொகுப்பு ‘எக்ஸ்ட்ராக்‌ஷன் ஃப்ரம் மார்ட்டாலிட்டி’. ‘யுனைட்’ என்ற சிறு முன்னிசை தொடங்கி வைக்க, அதன்பின் ‘வைல் ஹிப்பாக்ரிசி’ பாய்கிறது. கீழ்மையான பாசாங்கு என்பது அந்தத் தலைப்பின் பொருள். தொலைக்காட்சிப் போதகர் ஜிம் பேக்கர் மோசடிக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டதும் அதே 1989-இல்தான். விசுவாசிகளின் குழு தன் முதல் முழுப்பாடலுக்குத் தேர்ந்த சொல் பாசாங்கு என்பதைப் ‘பிரசாரம்’ என்று ஒதுக்குவோர் ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தத் தொகுப்பில் த்ராஷ் மெட்டலின் அடிப்படை இலக்கணம் முழுமையாக உள்ளது: உள்ளங்கையால் கம்பியை அழுத்தி எழுப்பும் வறண்ட தாளவெட்டு, அதிவேக டிரம்ஸ், தொண்டையைக் கீறி வரும் குரல். ஆனால் ஒரு ரிஃப் இன்னொன்றுக்கு வழிவிடும் முறை வழக்கமானதன்று. நான்கு நான்காக எண்ணிக்கொண்டு தலையசைப்பவர், திடீரென எண்ணிக்கை குறைந்து அடுத்த பகுதி முன்கூட்டியே வந்து மோதுவதை உணர்வார். கால்தடுக்கியது போன்ற அந்த அனுபவம் பிழையால் நேர்வதன்று; திட்டமிட்டு அமைக்கப்பட்டது. அமைதி குலைந்த மனத்தைச் சொற்களால் விவரிக்கும் முன்பே தாளம் அதை உடம்பில் நிகழ்த்திவிடுகிறது.

1990-இல் இரண்டாவது தொகுப்பு ‘சானிட்டி அப்ஸ்கியூர்’ வந்தது. கிறித்தவச் சந்தைக்கு ரெக்ஸ் மியூசிக். பொதுச்சந்தைக்கு ரோட்ரன்னர் குழுமத்தின் ரோட்ரேசர். ஒரே இசைத்தட்டு, ஒரே பாடல்கள், இரண்டு கடைகள். ஒரு கடையில் அது புனிதமான மாற்று. மறு கடையில் சந்தேகத்துக்குரிய ஊடுருவல். அலமாரியின் பெயர் இசையின் இயல்பைப் பற்றி எதையும் சொல்வதில்லை என்பதற்கு இதைவிட நேரடியான நிரூபணம் தேவையில்லை.

அந்தத் தொகுப்பின் உச்சம் ‘டியெஸ் இரே’. ‘கோபத்தின் நாள்’ என்று பொருள்படும் அந்தப் பெயர், 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் லத்தீன் துதிப்பாடலுடையது. இறுதித் தீர்ப்பு நாளைப் பற்றிய அந்தப் பாடல் இறந்தோருக்கான பூசையில் பல நூற்றாண்டுகள் ஒலித்தது. மொட்சார்ட்டும் வெர்டியும் அதைத் தம் ரெக்வியம்களில் இசையமைத்தார்கள். பிலீவரின் ஆக்கத்தில் வயலினின் தனிமையும் ஜூலியன் லேர்ட் ஹோகின் சொப்ரானோ குரலும் முதலில் ஒரு வெளியை உண்டாக்குகின்றன. பிறகு மெட்டல் அந்த வெளிக்குள் நுழைகிறது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பூசப்படவில்லை. ஒன்றையொன்று எதிர்கொள்கின்றன. மன்றாடும் குரல் ஒரு பக்கம், தீர்ப்பின் இடி மறு பக்கம் என்று அந்தப் பாடலின் நாடகத்தை வாத்தியப் பிரிவினையே சுமக்கிறது.

இப்போது நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். சிம்ஃபொனிக் மெட்டல் என்ற வகையின் தொடக்கம் பற்றிப் பேசுவோர் வழக்கமாகச் சுட்டும் தெரியன் குழுவின் ‘தெலி’ 1996-இல் வந்தது. நைட்விஷ், விதின் டெம்ப்டேஷன் ஆகியவற்றின் முதல் தொகுப்புகள் 1997-இல் வந்தன. ‘டியெஸ் இரே’ 1990. நேர்மைக்காக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சுவிட்சர்லாந்தின் செல்ட்டிக் ஃப்ராஸ்ட் 1987-லேயே ‘இன்டு த பேன்டமோனியம்’ தொகுப்பில் பெண்குரலையும் கம்பி வாத்தியங்களையும் மெட்டலோடு இணைத்துவிட்டது. ஆகவே பிலீவரே முதலாவது என்று மார்தட்டுவது பொய்யாகும். ஆனால் ஒரு மரபின் வரைபடத்தில் 1987-ஆம் ஆண்டுப் புள்ளியிலிருந்து 1996-ஆம் ஆண்டுப் புள்ளிக்கு நேர்கோடு இழுத்து, இடையிலுள்ள 1990-ஐத் தாண்டிச் செல்பவர் வரலாற்றை எழுதவில்லை. தம் விருப்பங்களைப் பட்டியலிடுகிறார்.

1993-இல் வந்த ‘டைமென்ஷன்ஸ்’ மூன்றாவது தொகுப்பு. பிலீவரின் முழு ஆற்றலும் திரண்ட படைப்பு. வேகம் குறைந்து, சுரங்கள் கரடுமுரடாகி, இசை ஓர் எந்திரத்தின் குளிர்ச்சியை அடைந்திருக்கிறது. பாடல் தலைப்புகளே மனத்தின் திசையைக் காட்டும்: ‘ஃபியூச்சர் மைண்ட்’, ‘சிங்குலாரிட்டி’, ‘வாட் இஸ் பட் கேனாட் பி’. இருப்பது, ஆனால் இருக்க இயலாதது என்பது இந்த இறுதித் தலைப்பின் பொருள். இப்பாடல்கள் யாரோடு பேசுகின்றன? விவிலியத்தோடு மட்டுமல்ல. கடவுள் என்பது மனிதன் தன் இயல்பையே வெளியே எறிந்து வணங்கும் நிழல் என்ற ஃபாயர்பாக், மதத்தை மாயை என்று ஆராய்ந்த ஃபிராய்டு, சார்த்தர், கடவுளின் மரணத்தையே கிறித்தவத்தின் நற்செய்தியாக வாதிட்ட இறையியலாளர் தாமஸ் ஆல்டைசர், அண்டத்தின் தோற்றத்தை எழுதிய ஸ்டீஃபன் ஹாக்கிங். தன் விசுவாசத்தின் மிக வலுவான எதிரிகளைத் தேர்ந்து அழைத்து, தன் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து வாதிட்ட குழு இது. பிரசாரகன் எதிராளியை வைக்கோல் பொம்மையாக்கி எரிப்பான். ஃபாயர்பாக்கைப் படித்துவிட்டு வருபவன் வேறு வகையான மனிதன்.

தொகுப்பின் முடிவில் ஏறத்தாழ 20 நிமிடங்கள் நீளும் ‘டிரிலஜி ஆஃப் நாலெட்ஜ்’. பிறப்பு என்ற முன்னுரை. பொய், உண்மை, திறவுகோல் என்ற மூன்று பகுதிகள். வயலினும் சொப்ரானோவும் இங்கே மீண்டும் வருகின்றன. ‘டியெஸ் இரே’யில் ஒருமுறை செய்து பார்த்த சோதனை, இங்கே நெடிய கட்டுமானத்தின் தூணாகிறது. தலைப்பை ஊன்றிக் கவனிக்க வேண்டும். மீட்பின் முத்தொகுதி என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை. விசுவாசத்தின் முத்தொகுதி என்றும் வைக்கவில்லை. அறிவின் முத்தொகுதி என்று வைத்தார்கள். ஏதேன் தோட்டத்தின் மரத்துக்கே அறிவின் மரம் என்று பெயரிட்ட மரபில் வந்தவர்களுக்கு, அந்தச் சொல்லின் ஆபத்து தெரிந்தே இருக்கும்.

இங்கேதான் விசுவாசத்துக்கும் வடிவத்துக்கும் உள்ள உறவு வெளிப்படுகிறது. புரோகிரசிவ் மெட்டலில் நீளமும் சிக்கலும் பெரும்பாலும் வாசிப்புத் திறனைக் காட்டும் வித்தையாகச் சரிந்துவிடுகின்றன. ஏழு எண்ணிக்கைத் தாளம் ஏன் வருகிறது என்று கேட்டால், வாசிக்க முடியும் என்பதால் வருகிறது என்பதே விடை. ‘டைமென்ஷன்ஸ்’ தொகுப்பில் நீளத்துக்குக் காரணம் உண்டு. ஒரு வாதத்தை எடுத்துரைத்து, அதன் மறுப்பைக் கேட்டு, மறுப்பின் மறுப்புக்கு வந்துசேர நேரம் பிடிக்கும். மூன்று நிமிடப் பாடலில் முழக்கத்துக்கு மட்டுமே இடமிருக்கும். விசுவாசம் இந்தக் குழுவின் இசையை எளிமைப்படுத்தியது என்பார்கள். நடந்தது நேர்மாறு. கேள்வி பெரிதாக இருந்ததால் பாடல் பெரிதாயிற்று.

இதற்கு எதிராக எழக்கூடிய மறுப்புகளை ஒளிக்க வேண்டியதில்லை. முதலாவது: இந்தக் குழுவே தன் பெயரை விசுவாசி என்று வைத்துக்கொண்டது, கிறித்தவ நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது; அலமாரியை அதுவே தேர்ந்துகொண்டபின் புகார் ஏன்? விடை எளிது. பெயர் ஒருவரின் பற்றைச் சொல்கிறது. அவருடைய தொழில்நுட்பத்தைச் சொல்வதில்லை. ஏதியிஸ்ட் குழுவும் தன் பெயரைத் தானே தேர்ந்தது. ஒரே சட்டம் இருவருக்கும் பொருந்தவேண்டும் என்பதே கோரிக்கை.

இரண்டாவது மறுப்பு வலுவானது: முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்ட வாதம் வாதமாகாது. ஃபாயர்பாக்கை அழைத்து வந்தாலும் கடைசியில் விவிலியமே வெல்லும் என்றால், அது நாடக விசாரணை அல்லவா? இதில் உண்மை இருக்கிறது. பிலீவரின் முதல் மூன்று தொகுப்புகளில் விசுவாசம் தோற்பதில்லை. ஆனால் இந்த அளவுகோலைக் கையிலெடுப்பவர் அதை நேர்மையாக எல்லாப் பக்கமும் நீட்ட வேண்டும். சாத்தானியப் பாடல்களில் கடவுள் என்றேனும் வென்றதுண்டா? அவையும் முடிவு தெரிந்த நாடகங்களே. ஒரு கலைப்படைப்பை அதன் முடிவை வைத்து எடைபோட்டால், மொட்சார்ட்டின் ரெக்வியமும் தேறாது. எதிர்ப்பின் எடையைப் படைப்பு எவ்வளவு தாங்குகிறது என்பதே சரியான கேள்வி. ‘டைமென்ஷன்ஸ்’ தொகுப்பின் இசையில் ஐயத்துக்கு ஒதுக்கப்பட்ட நிமிடங்கள், நிச்சயத்துக்கு ஒதுக்கப்பட்டவற்றைவிடக் குறைந்தவையாக ஒலிப்பதில்லை. அந்த முரண்சுரங்கள் கடைசிவரை முழுமையாக இளைப்பாறுவதில்லை.

மூன்றாவது மறுப்பு: கிறித்தவ மெட்டலில் போலிகள் ஏராளம், ஆகவே ஐயம் இயல்பானது. போலிகள் ஏராளம் என்பது மெய். ஒப்பீட்டுப் பட்டியல் உருவாக்கிய சந்தையில் போலிகள் பெருகாமல் என்ன செய்யும்? ஆனால் போலிகள் இல்லாத மெட்டல் வகை எது? ஸ்லேயரைப் பார்த்து நகலெடுத்த நூறு குழுக்களுக்காக ஸ்லேயரை யாரும் தண்டிப்பதில்லை. மந்தையின் குற்றத்தை மேய்ப்பன்மேல் சுமத்தும் வழக்கம் இந்த ஓர் அலமாரிக்கு மட்டுமே உரியதாக இருக்கிறது.

ஆய்வுலகமும் குற்றத்திலிருந்து தப்பாது. கிறித்தவ மெட்டல் பற்றிய கல்விப்புல எழுத்துகள் இல்லாமலில்லை. மார்கஸ் மோபெர்க் 2015-இல் வெளியிட்ட நூல் அவற்றுள் மதிக்கத்தக்கது. ஆனால் இத்துறையின் கேள்விகள் பெரும்பாலும் அடையாளம், குழுமம், துணைப்பண்பாடு என்று சமூகவியலிலேயே சுழல்கின்றன. யார் கேட்கிறார்கள், ஏன் கேட்கிறார்கள், எந்தச் சட்டை அணிகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். என்ன கேட்கிறார்கள் என்பது தெரியாது. ட்ரீம் தியேட்டரைப் பற்றி எழுதும்போது தாள அமைப்பையும் கருப்பொருள் வளர்ச்சியையும் ஆராயும் அதே கல்விப்புலம், கிறித்தவக் குழுவிடம் வரும்போது மட்டும் காதை மூடிக்கொண்டு வினாப்பட்டியலைத் திறக்கிறது. ஒரு சாராரின் இசை கலை, மறு சாராரின் இசை ‘நிகழ்வு’ என்ற இந்தப் பாகுபாட்டை எதிர்த்துக் கேட்க வேண்டிய இடமே அதை வளர்க்கிறது.

‘டைமென்ஷன்ஸ்’ வெளிவந்தபின் குழு கலைந்தது. கர்ட் பாக்மன் அறிவியல் கற்று, ஆய்வுப் பட்டம் பெற்று, புற்றுநோய் ஆய்வில் ஈடுபட்டார். சுமார் 16 ஆண்டுகள் கழித்து, 2009-இல் ‘கேப்ரியல்’ தொகுப்பும் 2011-இல் ‘டிரான்ஸ்ஹியூமன்’ தொகுப்பும் வந்தன. இரண்டையும் வெளியிட்டது மெட்டல் பிளேட். ஸ்லேயரின் முதல் தொகுப்பை வெளியிட்ட நிறுவனம் அது. 1980களில் சிகாகோவின் டிரபிள் குழுவை, அதன் பாடல்களில் கிறித்தவச் சாயல் இருந்ததற்காக, ‘வெள்ளை மெட்டல்’ என்று முத்திரை குத்தி விற்றதும் அதே நிறுவனம்தான். முத்திரையை அச்சிட்ட கூடத்துக்கே, முத்திரையால் நசுங்கிய குழு திரும்பி வந்தது.

இந்தப் பிற்காலத் தொகுப்புகளில் விவிலியத்தின் நேரடிக் குரல் தணிந்திருக்கிறது. தலைப்புகள் ஆய்வுக்கூடத்திலிருந்தும் வானாய்வு நிலையத்திலிருந்தும் வருகின்றன: ‘ரெட்ஷிஃப்ட்’, ‘மல்டிவெர்ஸ்’, ‘என்டாங்கிள்மென்ட்’, ‘பீயிங் நோ ஒன்’. கடவுள் உண்டா என்று கேட்ட குழு, ‘நான்’ என்று ஒன்று உண்டா என்று கேட்கும் இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. உடனே அலமாரிக்காரர்களிடம் எழும் கேள்வி, இவர்கள் இன்னும் கிறித்தவர்கள்தாமா என்பது. இசை இந்தப் பதினாறு ஆண்டுகளில் என்ன ஆயிற்று, ரிஃப்களுக்கு இடையே மௌனம் ஏன் கூடியிருக்கிறது, குரல் ஏன் இன்னொரு வாத்தியத்தைப்போலப் பின்னுக்கு நகர்ந்திருக்கிறது என்ற கேள்விகள் அவர்களிடம் எழுவதில்லை. உறுப்பினர் அட்டையைச் சரிபார்ப்பதே விமர்சனம் என்று பழகிவிட்ட பின் வேறு எதைக் கேட்பார்கள்?

‘கேப்ரியல்’ தொகுப்பில் ‘நான்சென்ஸ் மீடியேட்டட் டிகே’ என்றொரு பாடல் உண்டு. அது உயிரணுவில் நிகழும் ஒரு செயலின் பெயர். மரபணுவின் செய்தியை ஏந்திவரும் ஆர்.என்.ஏ. இழையில், வரக்கூடாத இடத்தில் நிறுத்தக்குறி ஒன்று முன்கூட்டியே வந்துவிட்டால், உயிரணு அந்தச் செய்தியைப் பழுதானது என்று கணித்து அழித்துவிடுகிறது. குறைப்புரதம் உருவாகி உடலுக்குக் கேடு செய்யாதிருக்க இயற்கை செய்துகொண்ட காப்பு அது. உயிரணுவுக்கு அந்த அவசரம் தேவைதான். கேட்பவருக்குத் தேவையில்லை. ‘கிறித்தவ’ என்ற சொல் பிலீவரின் இசைக்கு முன்னால் வைக்கப்பட்ட அத்தகைய நிறுத்தக்குறி. அதைக் கண்ட கணத்திலேயே முழுச் செய்தியும் அழிக்கப்பட்டது. ஒருவர் ஆமென் சொல்லி அழித்தார், மற்றவர் ஏளனம் செய்து அழித்தார்.

1993-ஆம் ஆண்டின் புரோகிரசிவ் மெட்டலைப் பற்றி எழுதுவோர் சினிக்கின் ‘ஃபோகஸ்’, பெஸ்டிலன்ஸ் குழுவின் ‘ஸ்ஃபியர்ஸ்’ ஆகியவற்றை ஒருசேரப் பேசுவது வழக்கம். அந்த வரிசையில் ‘டைமென்ஷன்ஸ்’ தொகுப்பையும் வைத்து, மூன்றையும் ஒரே காதுகளால் கேட்டு, அதன்பின் அது தாழ்ந்தது என்று எவரேனும் தீர்ப்பளித்தால் அந்தத் தீர்ப்பை மதிக்கலாம், அதனோடு வாதிடலாம். கேளாமல் அளிக்கும் தீர்ப்போடு வாதிட எதுவுமில்லை. மூன்று தொகுப்புகளையும் சேர்த்துக் கேட்க இரண்டு மணிநேரத்துக்குமேல் ஆகாது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செலவிட மறுக்கப்பட்ட நேரம் அவ்வளவுதான்.